மவுஸ் என்றார், மேலே பார்த்தேன்: ஜெர்மன் சிற்றுயிர்ப் பெயர்களைப் பழகும் வழி

காசெல் நகரில் நான் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஓர் ஆகஸ்ட் மாதத்தில் அம்மா வந்திருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் நான் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு மூதாட்டியே படியேறி வந்துவிட்டார். வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து, "ஆ, ஐனெ ஃப்ளேடர்மவுஸ்!" என்றார். "மவுஸ்" என்றால் எலி என்பது வகுப்பில் முதல் மாதமே படித்த சொல். "எலியாம் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடினேன். மூதாட்டி என் தோளைத் தொட்டு, விரலை மேலே நீட்டினார். திரைச்சீலையின் மடிப்பில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனிக்கு வந்து, ஏ1, ஏ2 எனும் தொடக்கநிலை மொழி வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடப்புத்தகம் நாய், பூனை, குதிரை, பசுவோடு நின்றுவிடும். ஆனால் வீட்டுக்குள் பறந்து வருவதும், காரின் வயரைக் கடிப்பதும், தோட்டத்தில் மண்ணைக் குவிப்பதும் வேறு உயிர்கள். அவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். பெயரோடு சேர்த்து இலக்கணமும் கைக்கு வந்துவிடும்.

முதல் படி: பின்னாலிருந்து பிரியுங்கள்

ஜெர்மனில் கூட்டுச்சொல்லுக்குக் கடைசித் துண்டுதான் தலை. அதன் பால் எதுவோ, முழுச் சொல்லின் பாலும் அதுவே. "டீ மவுஸ்" பெண்பால்; ஆகவே "டீ ஃப்ளேடர்மவுஸ்". "டெர் பேர்" (கரடி) ஆண்பால். ஆகவே "டெர் வாஷ்பேர்". "டாஸ் ஷ்வைன்" (பன்றி) அலிப்பால்; ஆகவே "டாஸ் ஷ்டாகல்ஷ்வைன்". பன்மையும் கடைசித் துண்டைப் பார்த்தே வரும்: மவுஸ் "மொய்ஸெ" ஆகிறது, ஃப்ளேடர்மவுஸ் "ஃப்ளேடர்மொய்ஸெ" ஆகிறது.

தமிழில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நமக்கு விலங்கெல்லாம் அஃறிணை; ஆணானாலும் பெண்ணானாலும் "அது வந்தது" என்று முடித்துவிடுவோம். ஜெர்மனில் நாய் என்ற சொல் "அவன்", பூனை என்ற சொல் "அவள்", பன்றி என்ற சொல் "அது". அந்த நாய் குட்டி ஈன்ற பெண் நாயாக இருந்தாலும் சொல்லின் பால் மாறாது. இது உயிரின் பால் அல்ல, சொல்லின் பால் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். புதுச்சொல்லை நோட்டில் எழுதும்போது "டெர், டீ, டாஸ்" மூன்றில் எது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நான் முதல் ஆண்டு முழுக்க எழுதாமல் விட்டேன்; இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் படி: இலக்கணத்துக்குக் கடைசித் துண்டை நம்புங்கள், இனத்துக்கு நம்பாதீர்கள்

பெயரிட்ட மக்கள் விலங்கியல் படித்தவர்கள் அல்லர். எதைப் போல இருக்கிறது என்று பார்த்தார்கள், எங்கே வேறுபடுகிறது என்று பார்த்தார்கள், இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். ஃப்ளேடர்மவுஸ் என்ற பெயரில் "ஃப்ளேடர்" என்பது படபடத்துப் பறப்பதைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து வந்தது: படபடக்கும் எலி. "ஷ்பிட்ஸ்மவுஸ்" என்பது கூர்மையான எலி; மூக்கு நீண்டு கூராக இருப்பதால் அந்தப் பெயர். அது வேறொன்றுமில்லை, பிள்ளையாரின் காலடியில் இருக்கும் நம் மூஞ்சூறுதான். நாமும் மூஞ்சியைப் பார்த்தோம், அவர்களும் மூஞ்சியைப் பார்த்தார்கள். மூஞ்சூறும் எலி இனம் அல்ல, வௌவாலும் அல்ல.

இந்தத் தவறு விலங்கியலாளர்களையும் உறுத்தியது. 1942-இல் ஜெர்மானியப் பாலூட்டியியல் சங்கம் பெர்லினில் கூடி, இவை இரண்டும் எலிகளே இல்லை என்பதால் இனி வௌவாலை "ஃப்ளேடர்" என்றும், மூஞ்சூறை "ஷ்பிட்ஸர்" என்றும் மட்டும் அழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. செய்தி நாளிதழில் வந்ததும் ஹிட்லர் சினந்து, தன் கட்சி அலுவலகத் தலைவர் மார்ட்டின் போர்மன் வழியாகப் பெயர்மாற்றத்தை உடனே கைவிடச் சொன்னார். இதைவிடப் பயனுள்ள வேலை இல்லையென்றால் சங்கத்தாரை ரஷ்யப் போர்முனைக் கட்டுமானப் படைக்கு அனுப்பலாம் என்ற மிரட்டலும் சேர்ந்து போயிற்று. அப்படிப்பட்ட ஆட்சியில், அப்படிப்பட்ட போரின் நடுவே, ஒரு வௌவாலின் பெயருக்காக ஆணை பறந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இன்று "ஷ்பிட்ஸர்" என்று கடையில் கேட்டால் பென்சில் சீவும் கருவியை எடுத்துக் கொடுப்பார்கள். மூஞ்சூறு ஷ்பிட்ஸ்மவுஸாகவே இருக்கிறது.

எலிக்கு அடுத்து பூனை. விலங்குக் காட்சிசாலையில் "மேர்காட்ஸெ" என்ற பலகையைப் பார்த்தால், "மேர்" கடல், "காட்ஸெ" பூனை என்று பிரித்துவிட்டுக் கூண்டுக்குள் பூனையைத் தேடாதீர்கள். நீண்ட வாலோடு ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். கடல் கடந்து வந்த, பூனை போல் வாலுள்ள விலங்கு என்பது பொதுவான விளக்கம். வடமொழியின் "மர்க்கட" என்ற சொல்லே வழிவழியாகத் திரிந்து, கேட்டவர் காதுக்குக் "கடற்பூனை" ஆயிற்று என்ற கருத்தும் உண்டு. அது முடிந்த முடிவல்ல என்றாலும், வைணவத்தில் குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயத்தையும் பூனை குட்டியைக் கவ்விச் செல்லும் மார்ஜார நியாயத்தையும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, குரங்கும் பூனையும் ஒரே சொல்லில் வந்து நிற்பதைக் கடந்து போக மனம் வராது.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் இங்கே இன்னும் ஒருமுறை சறுக்குவார்கள். டச்சு மொழியில் குரங்கைக் குறித்த இதே சொல், தென்னாப்பிரிக்காவில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிறு விலங்கின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. "மீர்கட்" என்று ஆங்கிலத்துக்குப் போனது அதுதான். ஜெர்மனில் அந்த விலங்கு "டாஸ் ஏர்ட்மென்ஹென்", அதாவது மண்ணின் சின்ன மனிதன். கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே ஜெர்மன் விலங்குப் பெயரை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காதீர்கள். விலங்கின் படத்தைப் பார்த்து நேரே தமிழுக்கு வாருங்கள்.

பன்றிகளில் நமக்குக் கவலையே இல்லை. "ஷ்டாகல்ஷ்வைன்" என்றால் முள்பன்றி. சொல்லுக்குச் சொல் முள்ளம்பன்றி. அதுவும் பன்றி அல்ல, கொறிக்கும் இனம். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் ஜெர்மன் தோட்டங்களில் இரவில் பார்க்கும் முள்ளுருண்டை இதுவல்ல. அது "டெர் ஈகல்", தமிழில் முள்ளெலி. நம்மவர் பலர் இரண்டையும் முள்ளம்பன்றி என்றே சொல்லிவிடுகிறார்கள். "மேர்ஷ்வைன்ஹென்" என்பது கடல்குட்டிப்பன்றி: தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததால் கடல், பன்றி போல் சத்தமிடுவதால் பன்றி. ஆங்கிலத்தில் இதற்கே கினிப் பன்றி என்று பெயர்.

கரடிகளில் "வாஷ்பேர்" ஒன்றுதான் உங்களுக்குத் தேவைப்படும்: கழுவும் கரடி, ஆங்கிலத்தில் ரக்கூன். முன்பாதங்களால் தண்ணீரில் துழாவி உணவு தேடுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். வட அமெரிக்க விலங்கான இதை 1934-இல் காசெலுக்குப் பக்கத்தில் ஏடர்ஸே நீர்த்தேக்கக் கரையில் இரண்டு இணைகளாகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று காசெல் முழுக்கப் பரவியிருக்கிறது. கூரைக்கு ஏறாமலிருக்க மழைநீர்க் குழாயில் வழவழப்பான தகடு சுற்றிய வீடுகளை அந்த ஊரில் பார்க்கலாம். குப்பைத் தொட்டி மூடியைக் கட்டிவைக்கும்படி எங்கள் கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்; கரும்பலகை முன் நிற்பது போல் நின்று அதைப் படித்து நான் கற்ற சொற்களில் வாஷ்பேரும் ஒன்று.

"ஷில்ட்க்ரோட்டெ", கேடயத் தேரை, ஆமை. "நாக்ட்ஷ்னெக்கெ", அம்மண நத்தை, ஓடில்லாத நத்தை. "ஷ்டிங்க்டியர்", நாறும் விலங்கு, ஸ்கங்க். "ஃபவுல்டியர்", சோம்பல் விலங்கு, ஸ்லாத். இரண்டும் பார்த்தாலே புரிந்துவிடும்.

மூன்றாம் படி: "ஹென்" வந்தால் "டாஸ்"

சொல்லின் கடைசியில் "ஹென்" ஒட்டியிருந்தால் அது சிறுமைக்கும் செல்லத்துக்கும் உரிய விகுதி. எந்தப் பாலில் இருந்தாலும் அதை "டாஸ்" ஆக்கிவிடும், பெரும்பாலும் உள்ளே உள்ள உயிரெழுத்தையும் நெகிழ்த்தும். காட்ஸெ "கெட்ஸ்ஹென்" ஆகும். மவுஸ் "மொய்ஸ்ஹென்" ஆகும். நம் பாட்டிமார் அணிலை அணிற்பிள்ளை என்றும், கீரியைக் கீரிப்பிள்ளை என்றும், கிளியைக் கிளிப்பிள்ளை என்றும் சொல்வார்களே, அந்தப் பிள்ளைதான் இந்த ஹென். கீரிப்பிள்ளை என்றால் கீரியின் குட்டி என்று நாம் புரிந்துகொள்வதில்லை அல்லவா? அதேபோல் "ரோட்கேல்ஹென்" என்ற செந்தொண்டைக் குருவியும் "மேர்ஷ்வைன்ஹென்"னும் முழுதாக வளர்ந்தவையே.

ஒலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் "ஹென்" என்று எழுதுவது எழுத்தில் அடங்கும் வரைக்கும்தான். உண்மை ஒலி ககரமும் அல்ல, ஷகரமும் அல்ல. "ய்" என்று சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் மூச்சை மட்டும் விடுங்கள். வருகிறதே, அதுதான். ழகரம் சொல்லப் பழகிய நாக்குக்கு இது பத்து நாள் வேலை. கண்ணாடி முன்னால் நின்று "மெட்ஹென்", "கெட்ஸ்ஹென்", கடைசியாக "ஐஹ்ஹோர்ன்ஹென்" என்று ஏறுவரிசையில் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரும்.

நான்காம் படி: பிரித்தால் ஏமாற்றும் சொற்களைத் தனியே வையுங்கள்

ஐஹ்ஹோர்ன்ஹென் என்பது அணில். பிரித்தால் "ஓக் மரத்தின் சின்னக் கொம்பு" என்று வரும். அணிலுக்கு ஏது கொம்பு? பழைய ஜெர்மனில் அணிலுக்கு இருந்த ஒரு சொல் பொருள் மறந்துபோய், பின்னால் வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஓக் மரத்தையும் கொம்பையும் அதில் கேட்டுவிட்டார்கள். அந்த ஊர் அணில் செம்பழுப்பு நிறம், காதில் குஞ்சம், முதுகில் ராமர் போட்ட மூன்று கோடு இருக்காது. பேக்கரியில் "ஹோர்ன்ஹென்" என்று கேட்டால் பிறை வடிவ ரொட்டி கிடைக்கும்.

"மவுல்வுர்ஃப்" என்ற அகழெலியும் இதேபோல்தான். "மவுல்" விலங்கின் வாய், "வுர்ஃப்" எறிதல் என்று இன்று கேட்கிறது. ஆனால் அது வாயால் மண்ணை எறிவதில்லை. அகன்ற முன்கைகளால் தோண்டித் தள்ளுகிறது. பழைய பெயருக்கு மண்ணைக் குவிப்பது என்றே பொருள். முதல் துண்டு வழக்கொழிந்ததும் வாய் வந்து புகுந்துகொண்டது. பட்டாம்பூச்சியான "ஷ்மெட்டர்லிங்" சொல்லில் பாலாடை ஒளிந்திருக்கிறது: செக் மொழியிலிருந்து வந்த "ஷ்மெட்டன்" என்றால் பாலேடு, சூனியக்காரிகள் பட்டாம்பூச்சி வடிவில் வந்து பாலேட்டைத் திருடுவதாக மக்கள் நம்பினார்கள். "முர்மல்டியர்" என்ற மலைவிலங்கு முணுமுணுப்பதால் அந்தப் பெயர் வரவில்லை; மலை எலி என்று பொருள்படும் லத்தீன் சொல் உருமாறியது. கும்பகர்ணத் தூக்கம் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் "முர்மல்டியர் போலத் தூங்கினேன்" என்பார்கள்.

தூக்கம் என்றதும் "ஸீபன்ஷ்லேஃபர்" நினைவுக்கு வருகிறது: ஏழு தூங்கி. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேலும் தூங்கும் சிறு கொறிவிலங்கு. ஜூன் 27-க்கும் இதே பெயர்தான். அன்று மழை பெய்தால் ஏழு வாரம் பெய்யும் என்பது ஊர்வழக்கு. ஆனால் அந்த நாளின் பெயர் விலங்கிலிருந்து வரவில்லை, எபேசுக் குகையில் நெடுங்காலம் தூங்கியதாகச் சொல்லப்படும் ஏழு இளைஞர்களின் கதையிலிருந்து வந்தது. அலுவலகத்தில் யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பேச்சில் வரும் பூனைகளைப் பழகுங்கள்

"காட்டர்" என்றால் ஆண்பூனை. "எனக்கு ஒரு காட்டர் இருக்கிறது" என்று சக ஊழியர் திங்கட்கிழமை காலையில் சொன்னால், முந்தின இரவு குடித்ததன் தலைவலி. உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி "முஸ்கல்காட்டர்". மருத்துவரிடம் இந்தச் சொல் பயன்படும். "காட்ஸன்ஷ்ப்ருங்", பூனைத் தாவல், நம் கூப்பிடு தூரம். வீடு காட்டும் தரகர் ரயில் நிலையம் பூனைத் தாவல் என்றால் நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பார்க்காமல் வாங்குவதற்கு "பூனையைச் சாக்கில் வாங்குவது" என்று அவர்களே சொல்வார்கள்.

பவேரியாவுக்கோ ஆஸ்திரியாவுக்கோ போகிறவர்களுக்கு: அங்கே அணில் "ஐஹ்காட்ஸெல்", ஓக் பூனை. வட்டாரப் பேச்சில் "ஓவாஹ்காட்ஸல்ஷ்வோவாஃப்", அணில்வால், என்று சொல்லச் சொல்லி வெளியூர்க்காரரைச் சோதிப்பது அவர்களுக்குப் பிடித்தமான வழக்கம். நம்மூரில் வாழைப்பழத்து ழகரத்தை வைத்து விளையாடுவது போலத்தான். தயங்காமல் சொல்லிப் பாருங்கள்; தப்பாகச் சொன்னாலும் நட்பு கிடைக்கும்.

ஆறாம் படி: இந்தச் சொற்கள் பணத்தோடும் சட்டத்தோடும் வரும் இடங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் "க்ளைன்டியரெ" என்ற சொல்லைத் தேடுங்கள். சிற்றுயிர்கள் என்று பொருள். ஹாம்ஸ்டர், மேர்ஷ்வைன்ஹென், கூண்டுப்பறவை, மீன் போன்றவற்றை அளவோடு வளர்க்க வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை. நாயும் பூனையும் இந்தச் சொல்லுக்குள் வராது. ஆனால் நாய், பூனை அறவே கூடாது என்று ஒப்பந்தத்தில் பொதுவாக அச்சடித்து வைப்பது செல்லாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. ஒவ்வொன்றையும் அதனதன் நிலைமை பார்த்து முடிவுசெய்ய வேண்டும். சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: அங்கே மேர்ஷ்வைன்ஹென்னைத் துணையின்றி ஒற்றையாக வளர்ப்பது 2008-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கூடாது. பிள்ளை கேட்கிறது என்று ஒன்று வாங்கப் போனால் இரண்டோடு திரும்ப வேண்டும்.

கார் வைத்திருந்தால் "மார்டர்" என்ற சொல் தெரிந்திருக்க வேண்டும். நீண்ட உடலும் அடர்ந்த வாலும் உள்ள, நம் மரநாயை நினைவூட்டும் விலங்கு. இரவில் எஞ்சினுக்குள் புகுந்து வயரையும் ரப்பர்க் குழாயையும் கடித்துவிடும். காப்பீட்டுப் பத்திரத்தில் "மார்டர்பிஸ்", அதாவது மார்டர் கடி, இருக்கிறதா, அதனால் பின்னர் வரும் சேதமும் அடங்குமா என்று இரண்டையும் கேளுங்கள்.

தோட்டம் இருந்தால், மவுல்வுர்ஃபைப் பிடிக்கவும் கொல்லவும் கூடாது. சட்டம் பாதுகாக்கும் உயிர். புல்வெளி மேடுபள்ளமானாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஈகலுக்குப் பால் வைக்காதீர்கள். அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, தண்ணீர் போதும். தானே ஓடும் புல்வெட்டியை இரவில் இயக்காதீர்கள். ஆபத்து வந்தால் ஈகல் ஓடாது, சுருண்டு அப்படியே கிடக்கும். பூனை வளர்ப்பவர்கள் மேல்பக்கம் சாய்த்துத் திறக்கும் ஜன்னலை அப்படியே விட்டு வெளியே போகக்கூடாது. வெளியே தாவ முயன்று அந்த இடுக்கில் சிக்கிக்கொள்ளும் பூனைகள் பல. "கிப்ஃபென்ஸ்டர்" என்றாலே கால்நடை மருத்துவர்கள் பதறுவார்கள்.

கடைசிப் படி: வௌவால் வந்தால்

அதே சாய்த்த ஜன்னல் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள்ளும் அது வந்தது. கோடை முடியும் நாட்களில் "ட்ஸ்வெர்க்ஃப்ளேடர்மவுஸ்" என்ற குள்ள வௌவாலின் இளசுகள் தங்குமிடம் தேடி வீடுகளுக்குள் புகுவது வழக்கம். எடை 4 முதல் 7 கிராம், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். புளியமரத்தில் குலைகுலையாகத் தொங்கும் நம் பழந்தின்னி வௌவாலையே பார்த்திருந்த அம்மாவுக்கு இது வௌவால் என்று நம்பவே முடியவில்லை. வீட்டுக்குள் வௌவால் வந்தால் ஆகாது என்ற பயம் வேறு. துடைப்பத்தை எடுத்தவரை மூதாட்டி கைகாட்டி நிறுத்தினார். ஜெர்மனியில் எல்லா வௌவால்களும் பாதுகாக்கப்பட்டவை. அடிக்கவோ, தங்குமிடத்தை அடைக்கவோ சட்டம் இடம் தராது.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். அறைக்கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாய்க்காமல் முழுக்கத் திறந்தார். விளக்கை அணைத்தார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார். அது கீழே விழுந்து கிடந்தால் மட்டும் தடித்த கையுறை போட்டு எடுத்து, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, "நாபு" போன்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றார். வெறுங்கையால் தொடவே கூடாது. வௌவால்களிடம் வெறிநோய்க் கிருமி இருக்கக்கூடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தொலைபேசியில் சொல்ல இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துவையுங்கள்: "இஹ் ஹாபெ ஐனெ ஃப்ளேடர்மவுஸ் கெஃபுண்டன்." ஒரு வௌவாலைக் கண்டெடுத்திருக்கிறேன்.

கால் மணி நேரத்தில் அது போய்விட்டது. காலையில் ஜன்னல் விளிம்பில் அரிசியைவிடச் சிறிதாய்க் கறுப்பு எச்சம் நாலைந்து கிடந்தன. அம்மாவுக்கு எலிச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. மூதாட்டி ஒரு காகிதத் துண்டில் ஒன்றை எடுத்து, மடித்து, விரலால் அழுத்திக் காட்டினார். எலியின் எச்சம் கல் போல் இறுகியிருக்குமாம். இது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொடிக்குள் பூச்சிச் சிறகுகளின் துணுக்குகள் வெயிலில் மினுங்கின.